மாதம் ஒரு கதை

வாரப் பத்திரிகையில் புதிதாக ஒரு சிறுகதை வருகிறது. படிக்கிறோம். அடுத்த மாதம் அது பழைய பேப்பர் கட்டோடு கடைக்குப் போய்விடுகிறது. நல்ல கதை அப்படிக் காணாமல் போகக் கூடாது என்ற அக்கறையோடு சென்னையில் 1970-ல் தொடங்கிய அமைப்புதான் இலக்கியச் சிந்தனை. அந்தந்த மாதம் இதழ்களில் வந்த கதைகளைப் படித்து, அவற்றில் ஒன்றைச் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அப்படித் தேர்வான 12 கதைகளும் ஆண்டு முடிவில் புத்தகமாக வந்தன.

இந்த வேலையை நாமும் வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு நோட்டு போதும். கதையின் பெயர், எழுதியவர், இதழ், தேதி. கீழே நாலு வரி. கதைச் சுருக்கம் வேண்டவே வேண்டாம். எந்த இடத்தில் கதை நம்மைப் பிடித்தது, எங்கே கைவிட்டது, முடிவு கதைக்குள்ளிருந்தே வந்ததா, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதா? இதை எழுத உட்கார்ந்தால், 'நல்லா இருந்தது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விமர்சகர் க.நா.சு. இதை வாழ்நாள் வேலையாகவே செய்தார். புத்தகங்களை வாசகருக்கு அறிமுகப்படுத்தி அவர் எழுதிய நூலின் பெயரே 'படித்திருக்கிறீர்களா?'

வருவதையெல்லாம் படித்து முடிக்க யாராலும் ஆகாது. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வரும் புது நாவல்களே ஒரு வருடத்துக்குக் காணும். அதனால் தெரிந்த பெயர்களையே தேடி எடுக்கிறோம். இந்த மாதம் மட்டும், பெயரே கேள்விப்படாத ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பை எடுத்துப் படியுங்கள். பிடித்திருந்தால், ஏன் பிடித்தது என்று அவருக்கே ஒரு கடிதம் போடுங்கள்.