சாஞ்சியில் கண்ட கல்லெழுத்து

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறன்று நம் காலனிக் குடும்பங்கள் ஆறு சேர்ந்து சாஞ்சிக்குச் சென்று வந்தோம். போபாலிலிருந்து விதிசை செல்லும் இருப்புப்பாதையில் உள்ள சிறு நிலையம் அது. எத்தனையோ முறை ரயிலில் கடந்து சென்றும், இறங்கிப் பார்க்க இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

வயல்களுக்கு நடுவே ஒரு குன்று, அதன்மீது பெருந்தூபி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னர் செங்கல்லால் எழுப்பியதைப் பின்வந்தோர் கல் போர்த்திப் பெருக்கினர். உயரம் 16 மீட்டருக்கு மேல். குறுக்களவு 36 மீட்டருக்கு மேல். நான்கு திசைகளிலும் தோரண வாயில்கள். தெற்கு வாயிலில் விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் சிற்பம் செதுக்கியதாக அங்கேயே கல்வெட்டு உண்டு. தந்தத்தில் பழகிய கை என்பது அந்நுண்மையிலேயே விளங்குகிறது.

ஆயினும் எங்கள் நெஞ்சைத் தொட்டவை கல்வேலியில் பொறித்த சிற்றெழுத்துக்களே. வணிகர், நெசவாளர், பிக்குணிகள், இல்லத்தரசிகள் எனப் பலரும் தம்மால் இயன்ற கல்லை ஈந்து பெயரைப் பொறித்திருக்கின்றனர். அவர்களுள் எழுத்தரும் உண்டு என்று அறிந்தபோது, பேரேட்டோடு காலந்தள்ளும் எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி முடியாது.

அவ்வெழுத்தை நம் நாடு நெடுங்காலம் மறந்திருந்தது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர், இக்கல்வெட்டுக்களின் படிகளில் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிவதைக் கண்டார். அது 'தானம்' என்னும் சொல்லாகலாம் என ஊகித்தார். பிராமி எழுத்தின் பூட்டுத் திறந்தது. மதுரைப் பக்கத்து மாங்குளம் குகைகளில் உள்ள பழந்தமிழ் எழுத்தும் அதன் இனமே.

இதைக் குழந்தைகளுக்குப் பெருமையுடன் விளக்கிவிட்டு வீடு திரும்பினோம். ஊரிலிருந்து ஒரு திருமண அழைப்பிதழ் வந்திருந்தது. எங்கள் மகன் அதைப் புரட்டிப் பார்த்து, "அப்பா, இதில் நம் தாத்தா பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். பதினொரு வயது, இந்தியும் ஆங்கிலமும் தடையின்றிப் படிப்பவன். பாட்டன் பெயர் அவனுக்குப் படிக்க இயலாத கல்வெட்டாகிவிட்டது. குற்றம் அவனுடையதன்று, எங்களுடையதே.

அன்பர்களே, ஓர் எழுத்து மறக்கப்படுவதற்குப் படையெடுப்பு வேண்டுவதில்லை. 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்னும் நினைப்பே போதும். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு வருவோர் இன்று விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே. அன்று எளியோர் பலர் கல் ஈந்தனர். நாம் வீட்டுக்கொரு பிள்ளையையேனும் அவ்வகுப்புக்கு அனுப்புவோமாக. எங்கள் மகன் வரும் ஞாயிறு முதல் வருவான்.