டோக்கன் பத்திரம்
(ஒரத்தநாட்டில் நடந்த நம் சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில்லை நம்மில் பலர் ஆன்லைனில்தான் கட்டுகிறோம். அப்போது திரைக்குப் பின்னால் நடக்கும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்: குக்கீ, ரீடைரக்ட்.

சர்வருக்குத் தானாக ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தை அனுப்பியதும் நம்மை மறந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். அங்கே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைப் பார்த்துத்தான் செருப்பைத் தருவார். குக்கீயும் அப்படித்தான். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி இதை உருவாக்கினார். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் சர்வர் நமக்கென்று ஓர் அடையாளக் குறியீட்டைத் தரும். அதன்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் அதைக் காட்டும்.

டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, செருப்பு அவருக்குத்தான். அதனால் பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் திரையை மூடினால் மட்டும் போதாது. லாக் அவுட் கொடுங்கள்.

அடுத்தது ரீடைரக்ட். "இங்கே இல்லைங்க, அந்த கவுண்டருக்குப் போங்க" என்பார்களே, அதுதான். சர்வர் 302 போன்ற ஓர் எண்ணோடு புது முகவரியை அனுப்பும். பிரவுசர் நம்மைக் கேட்காமலே அங்கே போய்விடும். பணம் கட்டும்போது வங்கிப் பக்கம் வருவதும், ஓடிபி கொடுத்ததும் ரசீதுக்குத் திரும்புவதும் பெரும்பாலும் இப்படித்தான். நடுவில் பேக், ரெஃப்ரெஷ் அழுத்த வேண்டாம். பணம் போய், ரசீது வராமல் நின்றுவிடலாம்.

ஏமாற்றுக்காரர்களுக்கும் இது வசதி. சில தளங்கள், லிங்கின் வால் பகுதியில் எந்த முகவரியை ஒட்டினாலும் சரிபார்க்காமல் அங்கே அனுப்பிவிடும். தொடக்கத்தில் தெரிந்த பெயர் இருக்கும். போய் நிற்பது வேறு இடம். எனவே கடைசியாக வந்து நின்ற பக்கத்தின் முகவரியைப் படித்துவிட்டுப் பாஸ்வேர்டு கொடுங்கள். "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று மிரட்டும் குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள லிங்கையும் போன் நம்பரையும் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பராமரிப்புத் தொகை கட்ட நம் சங்கத்துக்கே ஓர் இணையதளம் வேண்டும் என்று கேட்கிறீர்கள். செய்து தருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். லாக் அவுட் கொடுத்தால் சர்வரிலும் அந்த டோக்கன் ரத்தாகுமா? குக்கீ, பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும் போகுமா? ரீடைரக்ட், நாம் அனுமதித்த முகவரிகளுக்கு மட்டும்தானா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்று செய்துகாட்டிய பிறகு பணம் கொடுக்கலாம்.