இரண்டு ஊசிக்கு இடைப்பட்ட நாட்கள்

(கீமோதெரபியின் பக்கவிளைவுகளும் சகநோயாளர் துணையும் குறித்து அருப்புக்கோட்டையில் நடைபெற்ற கருத்தரங்கின் தலைமை உரை)



சமூகப்பணித் துறையில் பாடம் சொன்னவள் என்பதற்காக மட்டும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க என்னை அழைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் கீமோ எடுத்துக்கொண்டு மீண்டவள். ஆகவே ஆய்வாளர் பேச்சும் நோயாளி பேச்சும் இன்று என் வாயில் கலந்தே வரும்.

கீமோ என்றதும் வார்டும் சொட்டுச் சொட்டாக இறங்கும் பாட்டிலும்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. ஆனால் மருந்து ஏற ஆகும் நேரம் பெரும்பாலும் சில மணிதான். அடுத்த ஊசிக்குப் பல மருந்துகளில் மூன்று வாரம் இருக்கிறது. அந்த மூன்று வாரமும் நோயாளி இருப்பது வீட்டில். குமட்டல் எடுப்பதும், வாய் வெந்து சோறு இறங்காமல் போவதும், சீப்போடு முடி கொத்தாக வருவதும், வெள்ளணு இறங்கி நடு ராத்திரியில் காய்ச்சல் அடிப்பதும் எல்லாம் ஊரில், வீட்டுத் திண்ணையில், மருத்துவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடக்கின்றன. அந்த நாட்களில் அவருக்கு யார் துணை? இந்தக் கருத்தரங்கின் கேள்வி இதுதான். இதே பாதையில் முன்பு போய் வந்தவர்தான் துணை என்பது என் விடை. அவரை ஆறுதல் சொல்ல வரும் விருந்தாளியாகக் கருதாமல், பயிற்சியும் பொறுப்பும் தந்து சிகிச்சையின் ஓர் உறுப்பாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இங்கே நிற்கிறேன்.

இந்த மருந்துகள் ஏன் இப்படிப் படுத்துகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்க்கால நச்சு வாயு ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நைட்ரஜன் மஸ்டர்டை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளிக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 1948இல் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, நோய் சிறிது காலம் தணிவதைக் காட்டினார். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வேகமாகப் பெருகும் செல்களைக் குறிவைப்பதே அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலான கீமோ மருந்துகளின் வழி. புற்று மட்டும் வேகமாகப் பெருகுவதில்லை. எலும்பு மஜ்ஜை, முடியின் வேர், வாயிலிருந்து குடல்வரை உள்ள மெல்லிய தோல் ஆகியவையும் அப்படியே. அடி அவற்றின் மேலும் விழுகிறது.

பாடநூலில் உள்ள இந்தப் பட்டியல் எல்லா ஊருக்கும் பொது. நம் ஊரில் அது எப்படி இறங்குகிறது என்பதைத்தான் நாம் எழுத வேண்டும்.

சிஸ்பிளாட்டின் போட்டவரிடம் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்கிறார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் அறிவுரை அது. குடத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் வீட்டில், ஒதுங்க இடம் தேடி நடக்க வேண்டிய ஒரு பெண், பகல் முழுதும் நாக்கை நனைத்துக்கொண்டு கிடப்பாளே தவிர, செம்பு செம்பாகக் குடிக்க மாட்டாள். பக்லிடாக்செல் விரல் நுனியையும் பாதத்தையும் மரத்துப்போகச் செய்யும். அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்குப் பாவில் இழை அறுந்தால் எடுத்துப் பிணைக்க விரல் நுனியில் உணர்வு வேண்டும். பூக் கட்டிப் பிழைக்கும் அக்காவுக்கும் அப்படியே. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவருக்கோ பாதம் மரத்தால் முள் ஏறியது தெரியாது, தரை சுடுவதும் தெரியாது. வெள்ளணு குறைந்த நாளில் அந்த ஒரு முள் உயிருக்கே உலை வைக்கலாம். ஆக்சாலிபிளாட்டின் எடுத்தவர் சித்திரை வெயிலில் ஜில்லென்று தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சே அடைப்பதாகத் திகைத்துப்போவார். சிவப்பு மருந்து என்று நாம் சொல்லும் டாக்சோரூபிசின் ஏறிய மறுநாள் சிறுநீர் சிவந்து போவதைப் பார்த்து, ரத்தம் போகிறதென்று வீடே அழுததும் உண்டு.

இவை எல்லாமே முன்கூட்டிச் சொன்னால் பாதிப் பயம் குறைபவை. மருத்துவரும் செவிலியரும் சொல்லாமலில்லை. ஆனால் டோக்கன் வரிசை நீளும் காலையில், பயத்தில் காது அடைத்திருக்கும் ஒருவருக்குச் சொன்னதில் எவ்வளவு தங்கும்? அதே சொல்லை ஏழாம் நாள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, “எனக்கும் இப்படித்தான் மரத்துச்சு தாயி, அடுத்த தடவை போறப்ப டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லு, செருப்பில்லாம வாசல் தாண்டாதே” என்று ஒருத்தி சொல்லும்போது அது தங்குகிறது. வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவதைவிட, சொன்ன வேளைக்கு முன்னதாகவே போடுவதுதான் பலன் என்பதைப் பலரும் இப்படித் திண்ணையில்தான் கற்கிறார்கள். குறைந்த வெள்ளணு நாட்களில் நேற்றைய கூழை ஒதுக்கிவிட்டு, அன்று காய்ச்சியதை மட்டும் சாப்பிடுவதும் அப்படிப் பரவ வேண்டிய அறிவு.

காய்ச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளணு பொதுவாக ஆகக் கீழே இறங்குகிறது. அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்பது அவசரநிலை. மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது மருத்துவ நெறி. நம் ஊர் வழக்கமோ மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு, விடியட்டும் பார்க்கலாம் என்று போர்த்திப் படுப்பது. கடைசி பஸ் போய்விட்டது, மகனை எழுப்ப வேண்டாம், செலவு வைக்க வேண்டாம் என்று ஆயிரம் தயக்கம். “விடியுற வரைக்கும் வைக்காதே, 108க்கு இப்பவே போன் போடு, கீமோ நோயாளின்னு முதல் வார்த்தையிலேயே சொல்லு” என்று அதட்டும் உரிமை அதே பாடு பட்டவருக்கு உண்டு. துணை என்று நான் சொல்வது இந்த அதட்டலையும் சேர்த்துத்தான்.

இனி ஆய்வுச் சான்றுக்கு வருகிறேன். அறிஞர் அவையில் ஆசையைச் சான்றாக வைக்கக் கூடாது. 1989இல் டேவிட் ஸ்பீகலும் உடனிருந்தோரும் 86 பெண்களைக் கொண்ட ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பரவிய மார்பகப் புற்றுநோயில் குழுவாகக் கூடிப் பேசிய பெண்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்றது அது. உலகமே மகிழ்ந்தது. 2001இல் கனடாவில் பமெலா குட்வின் குழு 235 பெண்களிடம் அதைச் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மனத்துயரும் வலியும் குறைந்தன, குறிப்பாகத் தொடக்கத்திலேயே அதிகம் துன்பப்பட்டவர்களுக்கு. எனவே கூடிப் பேசினால் ஆயுள் நீளும் என்று நாம் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். துயர் குறைவதே போதிய நியாயம்.

இதனோடு வைத்துப் படிக்க வேண்டிய இன்னொரு ஆய்வு ஈதன் பேஷ் 2017இல் வெளியிட்டது. நியூயார்க்கில் கீமோ எடுத்த 766 பேரில் ஒரு பகுதியினர் தங்கள் தொல்லைகளை உடனுக்குடன் கணினி வழி தெரிவித்தார்கள், மோசமானால் செவிலியருக்குச் செய்தி போனது. அவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம். வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு 26.0 மாதம். புது மருந்து எதுவும் தரவில்லை. படும் பாட்டை நேரத்தில் சொன்னார்கள், சொன்னதைக் கேட்க ஆள் இருந்தது, அவ்வளவே. பக்கவிளைவைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வதை நம் ஊரில் பொறுமை என்று மெச்சுகிறோம். அந்தப் பொறுமை ஆளைக் கொல்லும் என்பதே இந்த ஆய்வு நமக்குச் சொல்வது. திருச்சுழிக் கிராமத்தில் கணினிக்குப் பதில் வாரம் ஒருமுறை வந்து கேட்டுச் செவிலியரிடம் சேர்க்கும் ஒரு பழைய நோயாளி இருந்தால் என்ன ஆகும்? யாராவது இதை முறையாக ஆராய வேண்டும். அது நம் மண்ணில் நடக்க வேண்டும்.

நாம் புதிதாக எதையும் தொடங்கவில்லை. மார்பகம் அகற்றப்பட்ட தெரேஸ் லாசர் 1952இல் நியூயார்க்கில், அதே அறுவைக்கு உள்ளான பெண்களைப் படுக்கை அருகே போய்ப் பார்க்கத் தொடங்கினார். அதையே பின்னர் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் ஏற்று நடத்தியது. டெல்லியில் ஹர்மலா குப்தா 1991இல் கேன்சர் சஹயோக் அமைப்பையும், மும்பையில் வந்தனா குப்தா 1994இல் வி கேர் அமைப்பையும் தொடங்கினார்கள். இருவரும் நோயிலிருந்து மீண்டவர்கள். கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் முளைத்த வலிநிவாரண இயக்கம் ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்தது. 2008இல் அந்த மாநில அரசு அதையே கொள்கையாக்கியது. நமக்கும் முன்னோர் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை, புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு மருத்துவமனையாக்கினார். மகளிர் சுயஉதவிக் குழுக்களாகக் கூடிக் கணக்கு எழுதிக் கடன் அடைத்துப் பழகிய பெண்கள் நம் ஒன்றியங்களில் நிறைய இருக்கிறார்கள். குழுவாக இயங்குவதை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பின்னடைவைப் பற்றிப் பேசாமல் இந்த உரை நிறையாது. விடியற்காலை எழுந்து, 50 கிலோமீட்டர் தாண்டி மதுரை போய், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக் காத்திருந்தால், “கவுண்ட் ஏறலை, அடுத்த வாரம் வாங்க” என்பார்கள். அன்றைய கூலி போயிற்று, மனமும் விட்டுப்போயிற்று. ஊசி தள்ளிப்போனால் நோய் வளர்ந்துவிடுமோ என்ற பயம் வீடு வரும்வரை அரிக்கும். சிலர் அந்தத் திரும்பும் பயணத்தோடு சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். எனக்கும் இருமுறை தள்ளிப்போனது, நான் முடித்தேன் என்று சொல்ல ஒருவர் தேவைப்படுவது அந்தப் பயணத்தில்தான். இதைவிடக் கனமானது, முடிந்தது என்று நினைத்த நோய் திரும்பி வருவது. அப்போது “எல்லாம் சரியாயிரும்” என்பவர் உதவ மாட்டார். பொய் சொல்லாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர் வேண்டும்.

இதற்கெல்லாம் முதல் தடை மறைப்பு. மகள் கல்யாணம் நின்றுவிடும், ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லித் தனித் தட்டு வைப்பார்கள் என்பதால் நோயை மூடி வைக்கிறோம். புற்றுநோய் ஒட்டுவதில்லை என்பதை இந்த மேடையிலிருந்து மீண்டும் உரக்கச் சொல்கிறேன். 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷிக்குக் கடைசிக் காலத்தில் இடக்கையில் சார்கோமா என்னும் புற்றுக்கட்டி வந்தது. நான்கு அறுவை நடந்தது, ரேடியம் வைத்தார்கள், கட்டி திரும்பத் திரும்ப வந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் எல்லார் கண் முன்னும் இருந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை தரிசனத்தை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. உலகம் அறிந்த இந்த மண்ணின் பிள்ளை நோயை ஒளிக்கவில்லை. நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

துணைக்கு வருவோருக்கு எல்லைகள் உண்டு. மருந்தின் அளவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. தனக்குக் கேட்ட கஷாயத்தை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது, கீமோவோடு அது மோதலாம். நோயாளி அனுமதி இல்லாமல் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. கூடவே, துணை நிற்பவரையும் யாராவது கவனிக்க வேண்டும். தான் பார்த்துக்கொண்டவர் இறந்துபோகும்போது, தன் நோயும் திரும்புமோ என்று அவர் தூங்காமல் கிடப்பார். அவருக்கு மாதம் ஒருமுறையேனும் மனம்விட்டுப் பேச இடம் வேண்டும், பயணச் செலவும் வேண்டும். தியாகம் என்று மாலை போட்டுக் கைச்செலவை அவர் தலையில் கட்டுவது நியாயமல்ல.

ஆகவே இந்த இரண்டு நாள் அமர்வுகளிடம் நான் கேட்பவை: ஒன்று, காய்ச்சல், தண்ணீர், பாதம், வாய் ஆகியவற்றைப் பற்றி நம் பேச்சுத் தமிழில், படமாக, எழுத்தறியாதவருக்கும் புரியும் ஒரு கையேடு. இரண்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, அருப்புக்கோட்டை நிலையத்தில் ஏறிச் சென்னைக்குச் சிகிச்சைக்குப் போவோருக்கு ரயிலில் உள்ள கட்டணச் சலுகை போன்றவற்றை வழிகாட்டிச் சொல்லும் பயிற்சி. மூன்று, பயிற்சி பெற்றுத் துணை நிற்போரை அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளரோடும், 2022இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியோடும் இணைக்கும் திட்ட வரைவு. நான்கு, அத்திட்டம் பலன் தருகிறதா என்று அளக்கும் நேர்மையான ஆய்வு. பலன் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள்.

நாளை மாலை அவை கலைவதற்குள் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி ஆகிய நான்கு ஒன்றியங்களிலும், துணை நிற்க முன்வருவோரும் அவர்களுக்குப் பொறுப்பேற்கும் செவிலியரும் சந்தித்துப் பேசியிருக்க வேண்டும். அடுத்த ஊசிக்குக் காத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கு இந்த வாரமே ஒருவராவது போய்ச் சேர வேண்டும். நம் கட்டுரைகளின் தரத்தை நான் அதைக் கொண்டே அளப்பேன். அந்த எதிர்பார்ப்போடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.