ஒரே பார்வையில் தெரியாத குறைபாடு

கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டை, அதாவது ஏடிஎச்டியை, உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது. மூளை ஸ்கேனும் கிடையாது. பிள்ளை எங்கெங்கே, எப்படி, எத்தனை காலமாக நடந்துகொள்கிறது என்று பொறுமையாக விசாரிப்பதுதான் வழி.

அந்த விசாரணைக்கு வரையறை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இரண்டு வகை அறிகுறிகளைச் சொல்கிறது. பென்சில், நோட்டு என்று அடிக்கடி தொலைப்பது போன்ற கவனக்குறைவு அறிகுறிகள் 9. கேள்வி முடியும் முன்பே பதிலைச் சொல்லிவிடுவது போன்ற துறுதுறுப்பு, அவசர அறிகுறிகள் 9. பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வகையில் 6 அறிகுறிகளாவது 6 மாதமாக நீடித்திருக்க வேண்டும். அவற்றுள் பல 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும்.

மருத்துவரின் அறை பிள்ளைக்குப் புது இடம்; எதிரே பேசுபவர் ஒருவர்தான். ஓயாமல் ஓடும் பிள்ளைகூட அங்கே சமர்த்தாக உட்கார்ந்துவிடலாம். அதனால்தான் வாண்டர்பில்ட், கானர்ஸ் போன்ற வினாப்பட்டியல்களைப் பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்புகிறார்கள். அதில் வரும் மதிப்பெண் ஒரு தடயம், அதுவே தீர்ப்பல்ல.

அடுத்து, வேறு காரணங்களைத் தேட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையும், காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கவனிக்காதவர்களாகவே தோன்றுவார்கள். பாடத்தின் நடுவே சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, நடந்தது தெரியாமல் எழுதுவதைத் தொடரும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். குறட்டையால் கெட்ட தூக்கம், தைராய்டு கோளாறு, பதற்றம், மனச்சோர்வு, கற்றல் குறைபாடு ஆகியவையும் இதே சாயலைக் காட்டும். இவற்றுள் சில ஏடிஎச்டியோடு சேர்ந்தே இருப்பதும் உண்டு.

சத்தம் போடாமல் ஜன்னலோரம் கனவில் ஆழ்ந்திருக்கும் பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை. பெண் பிள்ளைகள் பலருக்கு இப்படித்தான் குறைபாடு தெரியாமலே போகிறது.

17 வயது நிரம்பியவர்களுக்கு 5 அறிகுறிகள் போதும். ஓட்டமும் குதிப்பும் அடங்கி, உள்ளுக்குள் ஓர் இருப்புக்கொள்ளாமை மிஞ்சியிருக்கும்; வேலை தள்ளிப்போகும், கட்டண நாள் மறந்துபோகும். உலக சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டுப் பட்டியலில் 18 கேள்விகள் உண்டு. முதல் 6 கேள்விகளே முதற்கட்டச் சோதனைக்குப் பயன்படுகின்றன. ஆனால், சிறுவயதிலேயே இது தொடங்கியதா என்பது தெரிந்தாக வேண்டும். பெற்றோரின் நினைவும், பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிவைத்த ஒரு வரியும் அதற்குச் சாட்சியாகின்றன.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே, கவனக்குறைவு மேலோங்கியதா, துறுதுறுப்பு மேலோங்கியதா, இரண்டும் கலந்ததா என்று வகைப்படுத்தி, லேசானது, நடுத்தரமானது, கடுமையானது எனத் தீவிரத்தையும் மருத்துவர் குறிக்கிறார். சிகிச்சைத் திட்டம் அங்கிருந்து தொடங்குகிறது.