குளக்கரைக்குப் புறப்படுமுன்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு நிகழ்ச்சிகளுள் ஒன்றாக, வரும் பங்குனித் திங்களில் ஒன்றரை நாள் நாட்டுப்புறம் சென்று பறவைகளைக் கண்டு வருவதென வட்டத்தின் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கவியரங்கும் நூல் வெளியீடும் நடத்திப் பழகிய ஓர் அமைப்புக்கு இது புதிய முயற்சி. பறவை பார்ப்பது இயற்கை ஆர்வலரின் வேலையாயிற்றே, கவிஞருக்கு அங்கே என்ன பணி என்று வினவுவோர் இருக்கலாம். அண்மைக் காலக் கவிதைத் தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பெயர் தெரியாத பறவை ஒன்று அவற்றில் ஓயாமல் பறந்துகொண்டிருக்கிறது. பறவைகளைப் பெயர் சொல்லி அழைத்த மொழி தமிழ். திருப்பாவையில் விடியலை அறிவிக்க ஆண்டாள் ஆனைச்சாத்தனைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். வறுமையில் வாடி மதுரையில் குளிரில் நடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர், வானிற் செல்லும் நாரையின் கால் நிறத்தைச் சொல்கிறார். அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிடுகிறார். கையில் தொலைநோக்கி இல்லாத ஒருவர் கண்டு சொன்ன அடையாளம் அது. அந்தக் கண்ணை மீட்டுக்கொள்வதே இப்பயணத்தின் நோக்கம்.

சிறிய பயணந்தானே, புறப்பட்டுவிட்டால் போயிற்று என்று கருதுவது தவறாகும். பத்து நாள் பயணத்தில் ஒரு நாள் வீணானால் ஒன்பது நாள் மிஞ்சும். ஒன்றரை நாள் பயணத்தில் ஒரு மாலை வீணானால் பாதி போய்விடும். ஆகவே காலம், இடம், பொழுது, நடத்தை ஆகிய நான்கையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். இந்நான்கிலும் முடிவு செய்யும் உரிமை பயணிக்கு இல்லை. அது பறவைகளுக்கும், அவற்றைக் காத்துவரும் ஊராருக்கும் உரியது.

முதலாவது காலம். வசந்தம் என்றவுடன் பறவைகள் வருகின்ற பருவம் என்று எழுதும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. இஃது ஆங்கிலக் கவிதையின் வழியாக வந்தது. இங்கிலாந்தின் குயிலினமும் தகைவிலானும் ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரல் வாக்கில் ஊர் திரும்புகின்றன. ஆதலால் அந்நாட்டுப் புலவர்க்கு வசந்தம் வருகைப் பருவம். தமிழகத்தில் நிலைமை வேறு. வடக்கேயிருந்து வாடைக் காலத்தில் வந்து தங்கிய வாத்துகளும் உள்ளான்களும் பங்குனியில் விடைபெறத் தொடங்குகின்றன. அதே நேரத்தில் இம்மண்ணின் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டில் குஞ்சு வளர்க்கின்றன. ஒரே குளத்தில் பிரிவும் பேணுதலும் அடுத்தடுத்து நிகழும் பருவம் இது.

குயிலும் இப்பருவத்திற்குரியதே. ஆனால் அஃது எங்கிருந்தும் வருவதில்லை. மார்கழியிலும் அது தோப்பிலேதான் இருந்தது. வாய் திறக்காமல் இருந்தது. வேனில் நெருங்க, காகம் கூடு கட்டும் பருவத்தையொட்டி அதன் குரல் ஓங்குகிறது. காகத்தின் கூட்டில் முட்டையிடும் பறவைக்கு அதுதானே காலம். மரந்தோறும் கேட்கும் அந்த நீண்ட கூவல் கரிய ஆண் குயிலுடையது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடலெங்கும் வெண்புள்ளி பரந்த பெண் குயிலுக்கு விட்டுவிட்டு ஒலிக்கும் கீச்சுக்குரலே உண்டு. பாரதியாரின் குயில் பாட்டில் பெண் குயில் பாடுகிறதே எனலாம். அது கனவென்று அக்காவியமே கூறிவிடுகிறது. நனவில் எழுதுவோர் தோப்புக்குள் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

இரண்டாவது இடம். பறவை என்றதும் பலர்க்கும் வேடந்தாங்கல் நினைவுக்கு வரும். கார்த்திகை முதல் மாசி வரை அது தகுந்த இடமே. பங்குனி பிறந்தால் அங்கே கூட்டம் கலையத் தொடங்கிவிடும். ஆகவே பங்குனிக்கு ஏற்றது திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம். நாங்குநேரி வட்டத்தில், நெல்லை நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுமார் 1.3 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பகுதி 1994ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இதன் பெயரும் அறிவிக்கப்பட்டது. மார்கழி வாக்கில் கூடத் தொடங்கும் பறவைகள் ஆனி வரையிலும்கூட இங்கே தங்குவதுண்டு.

இங்குக் காணத்தக்கவற்றுள் முதன்மையானது சங்குவளை நாரை. மஞ்சள் அலகும், வால்புறத்தை மூடும் இளஞ்சிவப்பு இறகுகளும் அதன் அடையாளம். வளர்ந்த நாரைக்குப் பாடும் குரல் கிடையாது. அலகுகளைத் தட்டி ஓசை எழுப்பும். கரகரத்த குரலில் இரை கேட்டுக் கத்துபவை குஞ்சுகளே. நாரையைப் பாட வைத்த கவிதைகள் வட்டத்தின் பழைய இதழ்களில் இருக்குமாயின், அவற்றை எழுதியவர்கள் அம்மரங்களின் எதிரே சற்று நேரம் நின்று கேட்கலாம். கூழைக்கடா, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் ஆகியவற்றையும் எதிர்பார்க்கலாம். பங்குனி முற்பகுதியில் சென்றால், புறப்படாமல் எஞ்சியிருக்கும் வரித்தலை வாத்துகளும் கண்ணிற்படக்கூடும். தலையின் பின்புறத்தே இரண்டு கரும்பட்டைகள் கொண்ட இவ்வாத்துகள் திபெத்து, மங்கோலியா முதலிய உயர்நிலங்களின் ஏரிக்கரைகளில் இனம் பெருக்குபவை. இமயத்தைக் கடக்கையில் இவ்வினம் 7,000 மீட்டருக்கு மேலும் பறந்திருப்பது ஆய்வில் பதிவாகியுள்ளது. நெல்லைச் சீமையின் ஒரு சிற்றூர்க் குளத்தில் மிதக்கும் பறவைக்கு இமயத்துக்கு அப்பால் ஒரு வீடு இருக்கிறது.

மூன்றாவது பொழுது. சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் இருள் சூழும் வரை ஓர் அமர்வு. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் தொடங்கி ஒன்பது மணி வரை மற்றோர் அமர்வு. இவ்விரண்டே போதும். சென்னையிலிருந்து வருவோர் வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை திருநெல்வேலியில் இறங்கி இளைப்பாறிக்கொள்ளலாம். விடியற்காலை அமர்வைத் தவறவிடலாகாது. கரிச்சான் இருள் பிரியுமுன்பே குரல் எழுப்பும். ஆனைச்சாத்தன் என்பது அதுவே என்பர் உரைகாரர் பலர். காலையில் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும் நிற்பது நல்லது. கதிரவன் முதுகுப்புறம் இருந்தால்தான் இறகின் நிறம் தெரியும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

நண்பகலை ஏன் விலக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பங்குனி வெயிலில் கூட்டில் கிடக்கும் நாரைக் குஞ்சுகளுக்கு நிழல் கிடையாது. தாயோ தந்தையோ சிறகை விரித்து நின்று நிழல் தருகிறது. மனிதர் நெருங்கினால் அந்தப் பறவை எழுந்து பறந்துவிடும். அது திரும்பி வரும் வரை குஞ்சுகள் வெயிலில் கிடக்கும். அருகிற் காத்திருக்கும் காகம் முட்டைக்கும் சிறு குஞ்சுக்கும் பாயும். பயணிக்கு அது சில நிமிடம். கூட்டுக்கு அதுவே இழப்பாகிவிடலாம். இன்னும் பத்தடி முன்னே சென்றால் நல்ல நிழற்படமோ நல்ல உவமையோ கிடைக்குமென்ற ஆசை எவர்க்கும் எழும். அந்தப் பத்தடியை நடக்காமல் நிற்பவரே பறவை பார்க்கத் தகுதியுடையவர்.

நான்காவதாகிய நடத்தையைக் கூந்தன்குளத்து ஊராரிடமே கற்கலாம். அவ்வூரில் பறவைகள் குளத்து மரங்களில் மட்டுமின்றித் தெரு மரங்களிலும், வீட்டருகே நிற்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றத்தையும் இரவெல்லாம் கேட்கும் குஞ்சுகளின் இரைச்சலையும் ஊரார் பொறுத்துக்கொள்கின்றனர். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று அது பெயர் பெற்றிருக்கிறது. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்துப் பேணுவதும் அங்கு நடந்துவந்திருக்கிறது. இதற்கு ஈடாக, எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கை, வண்டலையும் வயலையும் கண்டறிந்தோர் நம்பிக்கை. சட்டமும் அறிவிப்புப் பலகையும் பின்னர் வந்தவை.

அத்தகைய ஊருக்குள் நுழைவோர் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். ஒரு குழுவில் எண்மருக்கு மேல் வேண்டா. பச்சை, காவி, சாம்பல் முதலிய மங்கிய நிறங்களில் உடுத்துவது நலம். வெள்ளை வேட்டி கவியரங்குக்கு அழகு, குளக்கரைக்கு ஆகாது. ஒலிபெருக்கியும் பாட்டும் கூடா. கவிதை வாசிப்பதாயின் இரவு விடுதியில் வாசிக்கலாம். குடிநீர், தொப்பி, குறிப்பேடு, பென்சில் ஆகியவற்றோடு, மூவருக்கு ஒன்றேனும் இருகண் தொலைநோக்கி வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 40 மில்லிமீட்டர் வில்லை கொண்ட கருவி போதுமானது. அதனினும் மிகுந்த ஆற்றலுடையதாயின் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகித் தெரியும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை எளியவை: நாள், நேரம், அலகின் வடிவு, காலின் நிறம், பறவை செய்துகொண்டிருந்த செயல். உவமை பின்னர் தானே வரும். இதற்கு வழிகாட்டியாகத் தமிழர் ஒருவர் இருந்தார். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950ஆம் ஆண்டு முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார். அரிய பறவைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் காகத்துக்கும் அணிலுக்கும் கொடுத்தவர் அவர். கூந்தன்குளம் செல்லும் வழியில் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானையும், வரப்பில் நடக்கும் மடையானையும் பார்க்காமல் கடந்து போவோர்க்குக் குளத்தில் காத்திருக்கும் நாரையும் முழுமையாகத் தெரியாது.

ஊராரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்வதும் கடமை. கரிச்சானுக்கே இரட்டைவால் குருவி, வலியன் என்று ஊருக்கொரு பெயர் வழங்குகிறது. நத்தைகுத்தி நாரை என்னும் பெயரில் அப்பறவையின் உணவும் தொழிலும் அடங்கியிருக்கின்றன. பாம்புத்தாரா என்று முதலில் சொன்னவர், நீருக்கு மேலே கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் அதனைக் கண்டு ஒருகணம் அஞ்சியவராக இருக்க வேண்டும். இப்பெயர்களைப் படைத்த உழவரும் மீனவரும் தம்மைக் கவிஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இறுதியாக ஒன்று. பருவமழை பொய்த்து, கால்வாயில் நீர் வராத ஆண்டில் குளம் வறண்டு கிடக்கும். பறவைகளும் கூடு கட்டா. ஆதலால் நாளை உறுதி செய்யுமுன் வனத்துறையினரிடம் நீரின் அளவைக் கேட்டறிவது முறை. நீரில்லை என்று தெரிந்தால் பயணத்தை ஒத்திவைக்கலாம். அல்லது வறண்ட குளத்தையே சென்று பார்த்து வரலாம். வெடித்த தரையையும் கூடில்லாத மரத்தையும் அறிந்தவர் அடுத்த ஆண்டு அங்கே நீர் கண்டால் அதன் பெருமையை நன்கு உணர்வார்.

வட்டம் தொடங்கிப் பத்தாண்டு ஆகிறது. பயணம் முடிந்து திரும்பும் ஒவ்வோர் உறுப்பினரும், தாம் நேரிற் கண்ட ஒரு பறவையின் பெயரை, அதைச் சொன்ன ஊர்க்காரரின் உச்சரிப்பிலேயே எழுதிக் கொணர்வாராக. அடுத்த ஆண்டுக் கவியரங்கில் பெயர் தெரியாத பறவை ஒன்று குறைந்தாலும் பயணச் செலவுக்கு அது தகும்.