ஒற்றி போன நாடுகள்: நல்லூரும் மொறோக்கோவும்

(நல்லூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மொறோக்கோ நாட்டைப் பற்றிப் பேசுவதற்கு நல்லூரிலே ஒரு கூட்டமா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். வட ஆபிரிக்காவின் மேற்கு மூலையிலே, அத்திலாந்திக் மாகடலின் கரையிலே கிடக்கும் அந்நாட்டிற்கும், யமுனா ஏரியும் சங்கிலியன் தோப்பும் உள்ள இம்மண்ணிற்கும் யாது தொடர்பு? தொடர்பு உண்டு. அது ஏறத்தாழ எழுநூறு ஆண்டுப் பழமை வாய்ந்தது.

மொறோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304 ஆம் ஆண்டு பிறந்த இபுனு பத்தூத்தா என்னும் பெரும் பயணி, 1344 இல் இலங்கைக் கரையை அடைந்தார். அவரை வரவேற்றவர் நம் வடபுலத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி. சந்திப்பு நிகழ்ந்த இடம் நல்லூரன்று, புத்தளம். மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டார் என்றும், முத்துக்களைக் காட்டி உரையாடினார் என்றும், சிவனொளிபாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் தந்து அனுப்பினார் என்றும் அவர் எழுதி வைத்துள்ளார். மன்னருடைய கப்பல்களைச் சோழமண்டலக் கரையிலே தாம் கண்டதையும் அவர் குறிப்பிடுகிறார்.

இது புகழ்ச்சிக் கதையன்று, ஒரு சாட்சியம். அந்நியரை வரவேற்கவும், வழித்துணை அளிக்கவும், கடல் கடந்து வாணிகம் செய்யவும் வல்ல அரசு ஒன்று இங்கே இருந்தது என்பதற்கு நம்மவரல்லாத ஒருவர் கூறும் சாட்சியம். பிற நாடுகளோடு தானே உறவு பேச வல்லதே அரசு. அவ்வுரிமையை இழந்தபின் முடி இருக்கலாம், அரண்மனை இருக்கலாம், அரசு இராது.

மொறோக்கோவும் நல்லூரும் ஒரே பகைவரைச் சந்தித்தன. போர்த்துக்கேயர் கடல் கடந்து முதலிற் கைப்பற்றிய இடம், மொறோக்கோக் கரையில் உள்ள செயுத்தா, ஆண்டு 1415. அங்கிருந்து தொடங்கிய பாதைதான் கோவா வரை நீண்டு, 1560 இல் மன்னாருக்கும் நல்லூருக்கும் வந்தது. அவ்வாண்டில் முதலாம் சங்கிலி நல்லூரை விட்டு விலகியும் மீண்டும் வந்து அரசைக் காத்துக்கொண்டான். ஆயினும் மன்னார் பகைவர் கையிலே தங்கிவிட்டது.

இரண்டு நாடுகளிலும் பகைவனுக்குக் கதவு திறந்தவர்கள் உள்வீட்டாரே. மொறோக்கோவில் அரியணை இழந்த முத்தவக்கில், தன் சிறிய தந்தை அப்துல் மாலிக்குக்கு எதிராகப் போர்த்துக்கல் மன்னன் செபஸ்தியானை அழைத்து வந்தான். 1578 ஆகஸ்டு 4 ஆம் நாள் அல்கசர் கிபீரில் நடந்த போரில் அம்மூவருமே மாண்டனர். எனினும் வெற்றி மொறோக்கோவுடையதாயிற்று. நல்லூரில் நிகழ்ந்தது வேறு. இங்கும் அரியணைக்கு உரிமை கோரியோர் பறங்கியரின் துணையை நாடினர். 1591 இல் அந்திரே பூர்த்தாடோ படையுடன் வந்தான், மன்னர் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டார், எதிர்மன்னசிங்கம் முடிசூட்டப்பட்டார். போர்த்துக்கல் முடிக்குக் கீழ்ப்படிவதாக இதே நல்லூரிலே உடன்படிக்கை செய்யப்பட்டது.

அந்த உடன்படிக்கை அரசை ஒழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மன்னர் தமிழர், குலம் பழைய குலம், அரண்மனை அதே அரண்மனை. மாறியது ஒன்றே: அரசனை ஆக்கும் அதிகாரமும், நண்பன் யார் பகைவன் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் பிறன் கைக்குப் போயின. எதிர்மன்னசிங்கம் கண்டியோடு இரகசியமாக உறவு வைத்தார் என்பதே பின்னர் அவர்மேற் சாட்டப்பட்ட குற்றம். தன் அயல் அரசோடு பேசுவது குற்றமாகிவிட்டால் அவன் எவ்வகை மன்னன்?

அவருக்குப் பின் 1617 இல் இரண்டாம் சங்கிலி அரச குடும்பத்தவரைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினான். தஞ்சாவூர் நாயக்கரின் உதவியை நாடினான். 1619 இல் பிலிப் தெ ஒலிவேறா படையுடன் வந்து நாட்டைப் பிடித்தான். சங்கிலி கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டு மரண தண்டனை பெற்றான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது; தலைநகரும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. உடன்படிக்கை எழுதிய நாளிலிருந்து அரசு அழிந்த நாள் வரை இருபத்தெட்டு ஆண்டுகளே.

அல்கசர் கிபீரில் வென்ற மொறோக்கோ, முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கடனால் வீழ்ந்தது. 1906 இல் அல்கெசிராஸ் மாநாட்டிலே ஐரோப்பிய வல்லரசுகள் கூடி, சுல்தானின் சுதந்திரத்தையும் நாட்டின் ஒருமைப்பாட்டையும் எழுத்தில் ஒப்புக்கொண்டன. ஆறே ஆண்டுகளில், 1912 மார்ச்சு 30 ஆம் நாள், பெஸ் நகரிலே சுல்தான் அப்துல் ஹபீசு பிரான்சின் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார். அந்நியருக்கு இணங்கிப் போகிறான் என்று குற்றஞ்சாட்டித் தம் உடன்பிறந்தானை 1908 இல் அரியணையினின்று இறக்கியவரும் அவரே!

விவசாயப் பெருமக்களே, அந்த ஒப்பந்தத்தை நீங்கள் எளிதில் விளங்கிக்கொள்வீர்கள். நம் தேசவழமையிலே ஒற்றி என்று ஒன்று உண்டு. காணி கடன் கொடுத்தவன் கையில், விளைவும் அவனுக்கு, உரிமை மட்டும் உடையவன் பெயரில். பெஸ் ஒப்பந்தம் ஒரு நாட்டின் ஒற்றி உறுதி. சுல்தானின் மதிப்பும் சமய நிலையும் காக்கப்படும் என்று முதலில் இனிப்பாக எழுதினார்கள். அடுத்து வந்த உறுப்புக்களோ, பிரெஞ்சு வதிவிட ஆணையரே வெளிநாட்டாருக்கும் சுல்தானுக்கும் இடையில் ஒரே தூதர் என்றன. பிரான்சின் சம்மதமின்றி எந்நாட்டோடும் உடன்படிக்கை செய்யலாகாது என்றன. அனுமதியின்றிக் கடனும் வாங்கலாகாது என்றன. ஆண்டு முடியுமுன் வடபகுதி ஸ்பானியாவின் ஆட்சிக்குட் சென்றது. 1930 இல் வெளியான ஓர் ஆணையோ பெர்பர் மக்களுக்கு வேறு சட்டம் என்று கூறி, உள்ளேயும் வேலி போட முயன்றது.

ஆனால் ஒற்றி போன காணி விற்கப்பட்ட காணியன்று. 1952 ஆகஸ்டு 27 ஆம் நாள் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்கப் பிரசைகளின் உரிமை பற்றிய வழக்கிலே தீர்ப்பளித்தது. பாதுகாப்பு ஆட்சியின் கீழும் மொறோக்கோ சர்வதேசச் சட்டத்தில் ஓர் அரசு என்ற தன்மையை இழக்கவில்லை. அதனைப் பிரான்சே மறுக்கவில்லை என்று அத்தீர்ப்பிற் காண்கிறோம். நீதிமன்றத்திற் கிடைத்த இச்சொல்லைத் தெருவிலே காத்தவர்கள் மக்கள். 1944 சனவரி 11 இல் சுதந்திரக் கோரிக்கையை எழுத்தில் வைத்தார்கள். 1953 ஆகஸ்டில் சுல்தான் ஐந்தாம் முகம்மதுவை நாடு கடத்தி வேறொருவரை இருத்தியபோது, அந்தப் பொம்மையை ஏற்க மறுத்தார்கள். 1955 நவம்பரில் சுல்தான் திரும்பினார். 1956 மார்ச்சு 2 ஆம் நாள் பிரான்சு சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. நாற்பத்து நான்கு ஆண்டுகளில் ஒற்றி மீண்டது.

இங்கே நம் நிலையை ஒப்பிடுவோம். 1955 ஏப்பிரலில் பாண்டுங் மாநாடு கூடியது. அதனைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அல்சீரியா, மொறோக்கோ, துனீசியா மக்களின் தன்னாட்சி உரிமையை அம்மாநாடு ஆதரித்தது. கடல் கடந்த மக்களுக்குத் தன்னாட்சி நீதி என்று ஒப்புக்கொண்ட இலங்கை, அடுத்த ஆண்டு யூன் மாதம் சிங்களம் மட்டும் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையிலே நிறைவேற்றியது. மொறோக்கோ விடுதலை பெற்ற அதே 1956 இல் நம் மொழி அரசகருமத்தினின்று தள்ளப்பட்டது.

அதன்பின் நமக்கும் ஒப்பந்தங்கள் வந்தன. 1957 யூலையில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம். மறு ஏப்பிரலிலே கிழிந்தது. 1965 மார்ச்சில் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம், நிறைவேறாமலே மடிந்தது. 1987 யூலை 29 இல் இந்திய – இலங்கை ஒப்பந்தம். அதனைத் தொடர்ந்து பதின்மூன்றாந் திருத்தம். அத்திருத்தத்தை ஒற்றி உறுதியை வாசிப்பதுபோல் வாசியுங்கள். மாகாண சபையை மக்கள் தெரிவுசெய்வர். ஆளுநரைச் சனாதிபதி நியமிப்பார். ஒரு விடயம் ஆளுநரின் தற்றுணிபுக்கு உரியதா என்ற ஐயம் எழுந்தால், அதற்கும் ஆளுநரின் தீர்மானமே முடிவு! பெஸ் நகரத்து வதிவிட ஆணையர் உங்கள் நினைவுக்கு வரவில்லையா? 2006 இல் வடக்கு–கிழக்கு இணைப்பு நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது. 2013 இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின், ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடவாமல் ஆளுநர் மட்டும் ஆண்டதையும் கண்டோம்.

பிறர் குற்றத்தை மட்டும் கூறி அமர்வது நேர்மையாகாது. விடுதலை பெற்ற மொறோக்கோ தானே பெர்பர் மொழியை ஒதுக்கி வைத்தது. 2011 அரசியலமைப்பிலேதான் அதற்கு அரபு மொழியோடு உத்தியோக மொழி என்ற இடம் கிடைத்தது. மேற்குச் சகாராவின் மீது மொறோக்கோவுக்கு ஆள்புல இறைமை இருந்ததாகக் காணவில்லை என்று அதே சர்வதேச நீதிமன்றம் 1975 ஒக்ரோபரில் கருத்துரைத்த பின்னரும், அடுத்த மாதமே அந்நாடு அம்மண்ணிற் கால் வைத்தது. தனக்குக் கேட்ட நீதியைப் பிறனுக்கு மறுத்தது.

நாமும் கைகழுவ முடியாது. 1544 இல் மன்னாரிலே கிறித்தவராகிய நம் மக்களையே சங்கிலியின் வாள் வெட்டியது. 1990 ஒக்ரோபரில் வடக்கின் முசுலிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, நம்மிற் பலர் வாய்மூடி நின்றோம். இபுனு பத்தூத்தாவைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பிய மண், அவருடைய சமயத்தவரான நம் அயலாரை வெறுங்கையோடு அனுப்பியது. இதனைச் சொல்லாமல் உரிமை பேச நமக்குத் தகுதி இல்லை.

ஆகவே, இக்கூட்டத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கின்றோம். ஒன்று: நம் பெயரால் எவர் எந்த உடன்படிக்கைக்குப் போனாலும், ஒப்பமிடுமுன் அதன் முழு வாசகமும் தமிழில் அச்சிடப்பட்டு, ஊர்தோறும் வாசிக்கப்படல் வேண்டும். முன்னுரையின் இனிய சொற்களை விடுங்கள். காணி யார் கையில், பொலிசு யார் கையில், இறைவரி யார் கையில், ஐயம் வந்தால் தீர்ப்பவன் யார் என்ற நான்கையும் தேடுங்கள். இரண்டு: அந்த வாசிப்பிலே முசுலிம் மக்களும் நம்மோடு ஒரே பாயில் அமர்ந்திருத்தல் வேண்டும், அவர்கள் உரிமையும் அதே தாளில் எழுதப்படல் வேண்டும்.

ஒரு பரப்புக் காணி வாங்குவதற்கே மூல உறுதியைப் பார்த்து, எல்லையை அளந்து, பிரசித்த நொத்தாரிசிடம் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் நாம். 1591 இல் நல்லூரிலே எழுதப்பட்டதை அன்று மக்களுக்கு வாசித்துக் காட்டுவார் எவருமில்லை. இனி எழுதப்படுவது நம் காதிலே விழாமல் எழுதப்படலாகாது.