பழைய காருக்கு ஓவர்டிரைவ் தேவையா?



கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் நம்மில் பலர் இன்று சொந்தமாகக் கார் வைத்திருக்கிறோம். புதிய காருக்கு வசதிப்படாதபோது பழைய காரை வாங்கி, பழுது பார்த்து ஓட்டுகிறோம். அந்தப் பழைய காரின் தானியங்கிக் கியர்ப்பெட்டி ஒரு நாள் ஓய்ந்துவிட்டால், பட்டறையில் ஒரு யோசனை சொல்வார்கள். "பழையபடி மூன்று கியர்ப் பெட்டி எதற்கு? ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர்ப் பெட்டியாகப் போட்டுவிடலாம், எண்ணெய் மிச்சமாகும்" என்பார்கள். செலவோ ஆயிரக்கணக்கான வெள்ளி. ஆகவே அந்த யோசனை நமக்குப் பொருந்துமா என்பதை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், ஓவர்டிரைவ் என்றால் என்ன? கொழுந்து மூட்டையைச் சுமந்து மேடேறும்போது நாம் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைக்கிறோம். சமதளம் வந்ததும் அடியை எட்டிப் போடுகிறோம். காரின் கியர்களும் அப்படித்தான். முதல் கியர் சின்ன அடி. அதில் வேகம் குறைவு, இழுவை அதிகம். ஓவர்டிரைவ் எட்டிப் போடும் அடி. அதில் எஞ்சின் மெதுவாகச் சுழலும், சக்கரம் வேகமாக ஓடும், ஆனால் இழுக்கும் பலம் குறைவு.

வால்வோ 240 காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1974 முதல் 1993 வரை தயாரான இந்தக் கார் நம் நாட்டில் ஷா ஆலாமிலும் பொருத்தப்பட்டது. அதன் பழைய வண்டிகளில் பி.டபிள்யூ. 55 என்ற மூன்று கியர்ப் பெட்டி இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஓவர்டிரைவுடன் கூடிய ஏ.டபிள்யூ. 70 என்ற நான்கு கியர்ப் பெட்டி வந்தது. இரண்டிலும் முதல் கியரில் எஞ்சின் பக்கம் 2.45 சுற்று சுற்றினால், பின்சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டு ஒரு சுற்று சுற்றும். இரண்டாவது கியரில் இது 1.45. மூன்றாவதில் ஒன்றுக்கு ஒன்று. புதிய பெட்டியில் கூடுதலாக வந்த நான்காவது கியரில் மட்டும் 0.69 சுற்றே போதும். அதாவது, மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டிய எஞ்சின், அதே வேகத்துக்கு ஓவர்டிரைவில் ஏறத்தாழ 2,070 சுற்று சுற்றினால் போதும். எஞ்சினின் இரைச்சல் குறையும், தேய்மானம் குறையும், எண்ணெயும் ஓரளவு மிச்சமாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடேற உதவுவது முதல் கியரும் இரண்டாவது கியரும். அவை இரண்டு பெட்டிகளிலும் ஒன்றேதான். ஓவர்டிரைவ் வந்ததால் மலையேறும் பலம் ஒரு துளியும் கூடவில்லை.

நம் மலையில் ஓடும் பழைய லேண்ட் ரோவரைப் பாருங்கள். சேற்றிலும் செங்குத்தான மேட்டிலும் ஓட்டுநர் சிவப்புக் குமிழ் வைத்த கம்பியை இழுத்துத் தாழ்ந்த கியருக்குப் போகிறார். அந்த வண்டிக்கும் 1970களில் ஃபேரி என்ற நிறுவனத்தின் ஓவர்டிரைவ் வந்தது. ஆனால் அது நெடுஞ்சாலை ஓட்டத்துக்காக வந்த சாதனம். மலைக்கு வேண்டியது அந்தச் சிவப்புக் குமிழே.

இனி செலவுக் கணக்குக்கு வருவோம். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. அந்த வழியில் ஓவர்டிரைவுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. தோட்டத்துப் பாதையிலும் அப்படியே. தாப்பாவில் நெடுஞ்சாலை ஏறிக் கோலாலம்பூர் போகும் 150 கிலோமீட்டரில்தான் அதன் பயன் தெரியும். போய்வர 300 கிலோமீட்டர். கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது, ஓவர்டிரைவால் நூற்றுக்குப் பத்துப் பங்கு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லிட்டரில் 3 லிட்டர் மிச்சம். லிட்டர் 2 வெள்ளி என்றால் ஒரு பயணத்துக்கு 6 வெள்ளி. பெட்டியை மாற்ற 2,400 வெள்ளி செலவானால், அந்தப் பணம் திரும்பி வர 400 பயணம் போக வேண்டும். மாதம் ஒரு முறை போகிறவருக்கு அது 33 ஆண்டு. வாரந்தோறும் போய்வருகிறவருக்கும் ஏறத்தாழ 8 ஆண்டு ஆகும். அதுவரை கார் இருக்குமா என்பதே கேள்வி.

ஆகவே, நன்றாக வேலை செய்யும் மூன்று கியர்ப் பெட்டியை எண்ணெய் மிச்சத்துக்காகக் கழற்றிப் போடுவது குடும்பத்துக்கு லாபமாகாது. பழைய பெட்டி முற்றிலும் கெட்டு, எப்படியும் செலவு செய்தே ஆக வேண்டும் என்ற நிலையில், இரண்டுக்கும் விலை வித்தியாசம் சிறிது என்றால், அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஓவர்டிரைவ் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அப்படித் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. அந்தப் பெட்டி நம் காரின் அதே எஞ்சினுக்கு வந்ததா? புதிய பெட்டியின் நீளம் மாறினால் சுழல்தண்டையும் மாற்ற வேண்டுமா? பெட்டியோடு சேர வேண்டிய டார்க் கன்வெர்ட்டர் கூடவே வருகிறதா? எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய்களைக் கழுவித் தருவார்களா? கியர் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். சிவப்பாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் வேண்டாம். இத்தனைக்குமான முழுத் தொகையையும் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.

கஞ்சில் போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் கியர்ப்பெட்டியும் சக்கரத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதியும் ஒரே உடலாக இருக்கின்றன. வேறு வகைப் பெட்டியைத் திணித்தால் தாங்கிகள், அச்சுகள் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். அத்தகைய காருக்கு அதே வகைப் பெட்டியைப் போடுவதே நல்லது. நான்கு கியர்தான் வேண்டும் என்றால், 2005இல் வந்த மைவி போல ஆரம்பத்திலேயே அப்படி அமைந்த காரைத் தேடுவது சிக்கனம்.

கடைசியாக, உயிரோடு தொடர்புடைய ஒரு விஷயம். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐந்து பேரோடு 1,300 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். ஓவர்டிரைவில் இறங்கினால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் காய்ந்து, மிதித்தாலும் பிடிக்காமல் போகும்.

எனவே இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்துவிட வேண்டும். செங்குத்தான இடத்தில் இரண்டாவது கியருக்கு மாற்ற வேண்டும். ஏற்றத்திலும் அதை அணைத்தே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மூன்றுக்கும் நான்குக்கும் பெட்டி மாறி மாறித் தடுமாறும். கியர் எண்ணெய் சூடேறும். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவதும், எஞ்சினை அணைத்து இறங்குவதும் கூடவே கூடாது. மிச்சமாகும் சில காசுக்காகப் பிள்ளைகள் ஏறியிருக்கும் வண்டியைப் பணயம் வைக்கலாமா?

காரை வீட்டில் ஒருவர் ஓட்டுகிறார்; ஆனால் ஏறி உட்காருவது எல்லோரும். ஆகவே அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, எப்போது அணைக்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருப்பது நல்லது. இறக்கத்தில் ஓட்டுபவர் மறந்தால், பக்கத்தில் இருப்பவர் நினைவூட்டலாம் அல்லவா?